'ஆம்' என்று எழுதிய அந்த ஐந்து பேர்

கேள்வி: நான் ஒரு சிறிய கிளினிக்கில் பொறுப்பு நர்ஸ். மூன்று டாக்டர்கள், நான்கு நர்ஸ்கள், ஒரு ஃபார்மசிஸ்ட், ரிசப்ஷனில் இரண்டு பேர் இருக்கிறார்கள். வருகிற எல்லா நோயாளிகளிடமும் குடி, புகையிலை, மற்ற போதைப் பொருள்கள் பற்றிக் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவரச் சொல்லி நிர்வாகம் என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தது. ஒரு படிவம் அச்சடித்து, காத்திருக்கும் இடத்திலேயே நிரப்பச் சொன்னோம். ஒரு மாதத்தில் 211 படிவங்கள் வந்தன. 206-ல் 'இல்லை', ஐந்தில் மட்டும் 'ஆம்'. "யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், இது வெட்டி வேலை" என்கிறார் மூத்த டாக்டர். ஒரு நர்ஸ் படிவத்தைத் தொடவே மறுக்கிறாள். இப்போது, "ஒரு குழு அமைத்து முறையாகச் செய்யுங்கள்" என்கிறார்கள். குழுவில் யாரையெல்லாம் சேர்ப்பது, எங்கிருந்து தொடங்குவது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் அந்த 206 'இல்லை'யை நினைத்து வருத்தப்படுகிறீர்கள். எனக்கு ஐந்து 'ஆம்'தான் மனதை உறுத்துகிறது. அந்த ஐந்து பேருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் இதே தவறைச் செய்தவன்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரிதான் ஆரம்பித்தோம். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் கேள்விகளை அச்சடித்து, பி.பி. பார்க்கும்போதே கேட்டுவிடும்படி நர்ஸ்களிடம் சொல்லிவிட்டோம். ஒரு நாள் நான் பக்கத்தில் நிற்கும்போது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம் நர்ஸ் கேட்டார். "ஆமாம்மா, கொஞ்ச நாளா ஜாஸ்தியாத்தான் போகுது" என்றார் அவர். நர்ஸ் ஒரு டிக் போட்டார். "கையை நீட்டுங்க" என்று பி.பி. பட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். அந்த மனிதர் சட்டைக் கையை மடித்தபடியே ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து வந்தபோது வேறொரு நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார். "இல்லை" என்று பட்டென்று பதில் வந்தது. 'இல்லை' என்று சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். நர்ஸ் மேல் தப்பே கிடையாது. "ஆமாம்" என்று பதில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அதனால், யாரைச் சேர்ப்பது என்பதற்கு என் பதில் இது: கேள்வி கேட்க ஆள் தேடுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 'ஆம்' என்ற பதில் வந்த மறு நிமிடம் அந்த நோயாளியோடு யார் பேசுவார், மறுநாள் யார் பொறுப்பு, ஒரு மாதம் கழித்து யார் அவரைத் தேடுவார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பதிலில் தொடங்கிப் பின்னோக்கி வந்தால் குழு தானாகவே உருவாகும். இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் போதைப் பொருள் பயன்பாடு பற்றிக் கேட்கலாம் என்று 2020-ல் பரிந்துரைத்த அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் அதோடு ஒரு நிபந்தனை வைத்தது. சரியாக நோயறிந்து சிகிச்சை கொடுக்க, அல்லது கொடுக்கிற இடத்துக்கு அனுப்பி வைக்க வழி இருந்தால்தான் கேட்க வேண்டும் என்பதுதான் அது.

'ஆம்' என்பது எல்லாருக்கும் ஒரே 'ஆம்' கிடையாது என்பதால், கேள்வித்தாளைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். நீங்களாக ஒரு படிவம் தயாரிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1989-ல் முதன்முதலாக வெளியிட்ட 'ஆடிட்' என்ற கேள்வித்தாள் குடிப்பழக்கத்துக்கு இன்றும் நம்பகமானது. 10 கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண். 8 முதல் 15 வரை வந்தால் நல்லபடியாக எடுத்துச் சொல்வது போதும். 16 முதல் 19 வரை என்றால் கவுன்சலிங்கும் தொடர்ந்து கவனிப்பும் வேண்டும். 20-ஐத் தொட்டால் அடிமைத்தனம் இருக்கிறதா என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். பத்துக் கேள்விக்கு நேரம் இல்லை என்றால் அதன் முதல் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கும் 'ஆடிட்-சி' இருக்கிறது. அதில் ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே மேற்கொண்டு கேட்க வேண்டும். புகையிலை, கஞ்சா, தூக்க மாத்திரை, ஓபியாய்டு வகைகள் (அபின் சார்ந்த வலி மருந்துகள், ஹெராயின் போன்றவை) என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க அதே நிறுவனத்தின் 'அசிஸ்ட்' எட்டுக் கேள்விகளோடு இருக்கிறது. உங்கள் மூத்த டாக்டர், "மாணவனாக இருந்தபோது படித்த நான்கு கேள்வி 'கேஜ்' போதாதா?" என்று கேட்கக்கூடும். அது ஏற்கெனவே குடியில் ஆழ்ந்துவிட்டவர்களைத்தான் நன்றாகப் பிடிக்கும். இப்போதுதான் எல்லை தாண்ட ஆரம்பித்திருப்பவர்கள் அதில் நழுவிவிடுவார்கள். ஆனால் நாம் பேசினால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இனி ஆட்களுக்கு வருகிறேன்.

முதலில் ஒரு டாக்டர் வேண்டும், பெயருக்காக அல்ல. 20-க்கு மேல் மதிப்பெண் வந்த ஒருவரிடம் நல்லெண்ணத்தோடு "இன்றோடு நிறுத்திடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் அது ஆபத்தில் முடியலாம். நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியும் 'டெலிரியம்' நிலைக்குப் போகலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. தூக்க மாத்திரையை நீண்ட காலம் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். நிறுத்தச் சொல்வதற்கு முன் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டியவர் யார், உடனே அட்மிட் ஆக வேண்டியவர் யார், தையமின் (வைட்டமின் பி1) ஊசி யாருக்கு வேண்டும் என்று முடிவெடுக்க டாக்டர் இருந்தே ஆக வேண்டும். இது தெரியாமல் குழுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

அடுத்து உங்கள் ஃபார்மசிஸ்ட். பெரும்பாலும் எல்லாரும் மறந்துவிடுகிற ஆள் இவர். வலி மாத்திரைச் சீட்டோடு மாதத்துக்கு மூன்று தடவை வருகிறவர், "போன தடவை கொடுத்தது தொலைந்துவிட்டது" என்கிறவர், இரண்டு டாக்டர்களிடம் ஒரே தூக்க மாத்திரையை எழுதி வாங்கியவர் என்று எல்லாரையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். ஓபியாய்டு பழக்கத்தை விட்டுச் சில வாரம் கழித்துப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுவிடலாம். இந்த எச்சரிக்கையைச் சொல்லவும், அப்படி ஆனால் உயிர் காக்கும் நலாக்ஸோன் மருந்து பற்றிச் சொல்லவும் அவருக்கு வாய்ப்பு அமைகிற மாதிரி வேறு யாருக்கும் அமையாது.

ரிசப்ஷனில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவரைக் கட்டாயம் சேருங்கள். கேள்வி கேட்க வைக்க வேண்டாம். உங்கள் 206 'இல்லை'க்குக் காரணம் என்ன என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், நாம் யாரும் சொல்ல முடியாததைச் சொல்வார். கணவர் படிவத்தை நிரப்பும்போது மனைவி எட்டிப் பார்த்ததை, கண்ணாடி எடுத்துவராத அம்மாவுக்கு மகன் சத்தமாக வாசித்துக் காட்டியதை, பேனா ஒரே ஒன்று இருந்ததால் வரிசையில் எல்லாரும் முன்னால் இருந்தவரின் டிக்கையே பார்த்துப் போட்டதை அவர்தான் நேரில் பார்த்திருப்பார். பக்கத்து நாற்காலியில் வீட்டு ஆள் உட்கார்ந்திருக்கும்போது உண்மை எழுதுகிற மனிதர் அபூர்வம். அதை வைத்து "யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்" என்ற முடிவுக்கு வருவது நோயாளிகளுக்கு நாம் செய்கிற அநியாயம்.

கேஸ் ஷீட், கணினிப் பதிவு பார்க்கிற ஒருவரும் வேண்டும். இதிலும் நாங்கள் ஒரு முறை பட்டோம். ஸ்கிரீனிங்கில் 'ஆம்' வந்தவர்களை டாக்டர் கவனிக்க வசதியாக இருக்கட்டும் என்று கேஸ் ஷீட்டின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரே வாரத்தில் துப்புரவுப் பணியாளர் வரைக்கும் அந்தச் சிவப்புக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. ஒரு பெண் டாக்டருக்காகக் காத்திருக்கும்போது கேஸ் ஷீட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் மேல் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலமே எல்லா ஸ்டிக்கரையும் கிழித்தோம். யார் எழுதுவது, எங்கே எழுதுவது, யார் கண்ணில் படலாம், வீட்டார் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் முதல் நோயாளியிடம் கேட்பதற்கு முன்பே எழுத்தில் வைத்துவிடுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளிக்கு நாம் கொடுக்கிற வாக்குறுதி அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

பழக்கத்திலிருந்து மீண்டு சில வருடங்கள் ஆன ஒருவரைக் குழுவில் உட்கார வையுங்கள். மாதம் ஒரு முறை வந்தால்கூடப் போதும். ஆனால் கூட்டத்தில் அலங்காரத்துக்காக உட்கார வைக்காதீர்கள். நீங்கள் கேட்கப் போகிற வாக்கியத்தை அவரிடம் சொல்லிக் காட்டுங்கள். "இந்த இடத்தில் நான் எழுந்து போயிருப்பேன்" என்று அவர் சொல்கிற இடத்தில் நிறுத்தி, வாக்கியத்தை மாற்றுங்கள்.

நிர்வாகத்திலிருந்து ஒருவர் தேவை. எதற்கென்றால், நேரம் ஒதுக்கித் தருவதற்கு. "இருக்கிற வேலையோடு சேர்த்துப் பாருங்கள்" என்று சொன்னால் இந்த வேலை ஆறு வாரத்தில் செத்துவிடும். உங்களுக்கே வாரத்தில் சில மணி நேரம் இதற்கென்று கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். அதோடு, நீங்கள் ரெஃபர் செய்யப் போகிற சிகிச்சை மையத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு ஆள் உங்களுக்கு இருக்க வேண்டும். முகவரி எழுதின துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது சட்டைப் பையிலேயே தங்கிவிடும். நோயாளி உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே போன் போட்டு, நாளும் நேரமும் வாங்கிக் கொடுங்கள்.

இப்போது மூத்த டாக்டர். அவரை ஒதுக்கிவிட்டுக் குழு அமைக்க நினைக்காதீர்கள், வாதம் செய்தும் ஜெயிக்க முடியாது. அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. குடியைப் பொறுத்தவரை, சுருக்கமான ஆலோசனைக்குப் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வு 69 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆலோசனை பெற்றவர்கள் ஒரு வருடம் கழித்து, பெறாதவர்களைவிட வாரத்துக்கு 20 கிராம் அளவுக்குக் குறைவாக ஆல்கஹால் குடித்தார்கள். ஒரு மனிதரை மட்டும் பார்த்தால் இது சின்னக் குறைவுதான். வருகிற எல்லாரையும் வைத்துக் கணக்குப் போட்டால் சின்னது இல்லை. ஆனால் மற்ற போதைப் பொருள்களுக்கு வெறும் சுருக்கமான பேச்சு போதாது என்றே 2014-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. இதை மறைக்காமல் அவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். "அதனால்தான் டாக்டர், பேச்சோடு நிறுத்தாமல் சிகிச்சை வரைக்கும் வழி போட உங்கள் உதவி வேண்டும்" என்று கேளுங்கள். 'ஆம்' என்று சொன்ன ஒரு நோயாளி அவர் அறைக்குள் வந்தால் மேஜை மேல் என்ன தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, "நேரம் இல்லை" என்று சொல்கிற டாக்டர்களில் பலருக்கு உண்மையான பயம் வேறு. பதில் வந்தால் என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியாது. பல டாக்டர்களுக்குப் படிக்கிற காலத்தில் இது ஓரிரு வகுப்போடு முடிந்துபோயிருக்கும்.

படிவத்தைத் தொடாத அந்த நர்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரணம் எனக்குத் தெரியாது, நீங்களும் துருவிக் கேட்க வேண்டாம். இந்தக் கேள்வியை வாயால் சொல்ல முடியாதவர்களில் சிலருக்கு அது வீட்டுக் கதையாக இருக்கும். அப்பாவோ கணவரோ, சில சமயம் அவர்களேயோ. பத்து பேர் வேலை செய்கிற இடத்தில் இதனால் அடிபட்ட குடும்பம் ஒன்றாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டே பயிற்சியை ஆரம்பியுங்கள். "உனக்கு விருப்பமில்லை என்றால் கேட்க வேண்டாம், ஃபாலோ-அப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாயா?" என்று தனியாகக் கேளுங்கள். ஊழியர்களில் யாருக்காவது உதவி தேவைப்பட்டால், வேலைக்குப் பாதகம் இல்லாமல் எங்கே போகலாம் என்ற தகவலையும் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுங்கள்.

குழு அமைந்ததும் முதல் கூட்டத்தில் கொள்கை எதுவும் பேச வேண்டாம். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுப் பழகட்டும். பத்து வருட அனுபவம் உள்ள ஒருவர், மற்ற எல்லாக் கேள்வியையும் கணீரென்று கேட்டுவிட்டு, 'கஞ்சா' என்ற சொல் வந்ததும் குரலைத் தாழ்த்துவதைப் பார்த்திருக்கிறேன். நாம் குரலைத் தாழ்த்தினால் இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நோயாளிக்கு நாமே சொல்லிவிடுகிறோம். "குடிப்பழக்கமெல்லாம் கிடையாதுல்ல?" என்ற கேள்வியை யாரும் எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. பதிலையும் நாமே சொல்லிவிட்டுக் கேட்கிற கேள்வி அது. இப்படித் தொடங்கலாம்: "இங்கே வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேட்கிறோம். உங்களுக்குக் கொடுக்கிற மருந்து ஒத்துக்குமான்னு பார்க்கவும் உதவும். சொல்ல விருப்பமில்லைன்னா பரவாயில்லை." அதற்கப்புறம் கேள்வித்தாளில் உள்ளபடியே, வார்த்தை மாறாமல், நிதானமாக. தனி அறையில், கூட வந்தவர் வெளியே இருக்கும்போது மட்டும்.

'ஆம்' வந்தால் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தையும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்: "சொன்னதுக்கு நன்றி. இதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா?" அனுமதி கேட்பது சும்மா மரியாதைக்காக இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுத ஆரம்பித்த, பிறகு உலகமெங்கும் பரவிய ஊக்கமூட்டும் உரையாடல் முறையே இந்த மரியாதையின் மேல்தான் நிற்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. "குறைக்கணும்னு உங்களுக்கு எவ்வளவு தோணுது, 0-லேர்ந்து 10-க்குள்ள சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் "4" என்றால், "ஏன் 4-தானா?" என்று கேட்காதீர்கள். "ஏன் 1 இல்லை?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் குறைக்க முடியாத காரணங்களைச் சொல்வார். இரண்டாவதற்குக் குறைக்க வேண்டிய காரணங்களை அவரே, அவர் வாயாலேயே சொல்வார். நாம் சொல்கிற புத்திமதியைவிட அது அவர் காதில் அதிக நேரம் நிற்கும்.

ஆரம்பம் சிறியதாக இருக்கட்டும். ஒரே டாக்டர், ஒரே காலை நேரம், ஐந்து நோயாளிகள். அன்று மதியமே கேட்ட நர்ஸ், டாக்டர், ரிசப்ஷன் ஆள் மூவரும் நின்றபடியே பத்து நிமிடம் பேசி, இடறிய ஒன்றை மட்டும் மாற்றி, மறுநாள் இன்னும் ஐந்து. எல்லா நாளும் எல்லாரிடமும் கேட்பதற்கு இரண்டு மூன்று மாதம் ஆனாலும் ஆகட்டும். நிர்வாகம் எண்ணிக்கை கேட்கும், கொடுங்கள். ஆனால் எத்தனை படிவம் நிரம்பியது என்பதோடு நிற்காமல் நான்கு எண்களைச் சேர்த்தே கொடுங்கள்: எத்தனை பேரிடம் கேட்டோம், எத்தனை பேர் 'ஆம்' என்றார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் அன்றே பேசினோம், அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி எண் ஆரம்பத்தில் மிகவும் சின்னதாக இருக்கும். குழுவின் மாதாந்தரக் கூட்டம் அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இதற்கெல்லாம் நாளாகும். அதற்கு முன் நாளைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த ஐந்து படிவங்களையும் எடுங்கள். உங்களுக்கு ஒத்துழைக்கிற டாக்டர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, இந்த வாரத்தில் அவருடைய நேரத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்களே போன் செய்யுங்கள், ரிசப்ஷனிடம் கொடுக்க வேண்டாம். வேறு யாராவது எடுத்தால் உங்கள் பெயரை மட்டும் சொல்லி, அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுங்கள். எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அவரே எடுத்தால், "இப்போ தனியா பேச முடியுமா?" என்று கேட்டுவிட்டு, "போன மாசம் ஒரு படிவம் நிரப்பினீங்க. அன்னிக்கே உங்ககிட்ட பேசியிருக்கணும், பேசாம விட்டுட்டோம், மன்னிச்சுக்கங்க. இந்த வாரம் ஒரு நாள் வர முடியுமா?" என்று கேளுங்கள். வருவதற்குள் அவராகத் திடீரென்று எதையும் நிறுத்த வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்